நிகழ்ச்சியற்ற நாட்களும் அந்நியர் வாழ்வும்: சாம் செல்வொனின் லண்டன் நாவலை முன்வைத்து ஒரு நோக்கு

1

பிறநாட்டில் வாழ நேர்ந்தோர் பற்றிய இலக்கியங்களைத் தொகுத்து நோக்கும்போது, அவை பெரும்பாலும் சில குறிப்பிட்ட நிகழ்ச்சிகளையே தமக்குரிய பொருளாகக் கொண்டிருப்பதை அவதானிக்கலாம். புறப்பாடு, வந்துசேர்தல், அவமதிப்பு, மீட்சி அல்லது அழிவு என்பனவே அவை. ஆயின், இருபது ஆண்டுகள் பிறநாட்டில் உழைத்த ஒருவரது வாழ்வில் இந்நிகழ்ச்சிகள் கொள்ளும் காலம் மிகச் சொற்பமானது. எஞ்சிய காலம் முழுவதும் பேருந்துக்குக் காத்திருப்பதிலும், இரவு வேலை முடிந்து பகலில் உறங்குவதிலும், அறியாத பெயருடைய மரக்கறியைக் கையாற் சுட்டிக் காட்டி வாங்குவதிலும், ஊரிலிருந்து கடிதம் வராத நாளைக் கழிப்பதிலுமே செல்கின்றது. கதையாகச் சொல்லத் தக்கது ஏதும் நிகழாத இந்நாட்களை இலக்கியம் எவ்வாறு கையாளுகின்றது, அவற்றைத் திறனாய்வு எந்த அளவுகோலால் மதிப்பிடுதல் வேண்டும் என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினாக்கள்.

இவை அழகியல் சார்ந்த வினாக்கள் மட்டுமல்ல. தமிழில் அந்நியர், அந்நியமாதல் என்னும் இரு சொற்களும் ஒரே அடியிலிருந்து பிறந்தவை. முன்னையது ஒருவரது சட்டநிலையைக் குறிக்க, பின்னையது உழைப்பாளிக்கும் அவரது உழைப்புக்கும் இடையே முதலாளித்துவ உற்பத்தி உறவுகள் தோற்றுவிக்கும் பிளவைக் குறிக்கின்றது. பிறநாட்டுத் தொழிலாளியின் சாதாரண நாளில் இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. எனவே அந்நாளை ஊன்றி நோக்குதல் சமூக அமைப்பையே ஊன்றி நோக்குவதாகும்.

மார்க்சிய அழகியலாளரிடையே இது குறித்து ஒருமித்த கருத்து நிலவியதில்லை. ஜோர்ஜ் லூக்காச் 1936இல் எழுதிய, எடுத்துரைத்தலா விவரித்தலா என்னும் வினாவைத் தலைப்பாகக் கொண்ட புகழ்பெற்ற கட்டுரையில், சோலாவும் தோல்ஸ்தோயும் தத்தம் நாவல்களிற் சித்திரித்த குதிரைப் பந்தயங்களை ஒப்பிட்டார். தோல்ஸ்தோயிடம் பந்தயம் பாத்திரங்களின் விதியோடு பிணைந்த செயலாக அமைய, சோலாவிடம் அது தனித்து நிற்கும் வருணனையாகத் தேங்கிவிடுகின்றது என்பது அவரது வாதம். செயலற்ற விவரிப்பு மனிதரைச் சடப்பொருள்களின் நிலைக்குத் தாழ்த்திவிடும் என்ற அவரது எச்சரிக்கை இன்றும் புறக்கணிக்கத் தக்கதன்று. மறுபுறத்தில், ஹென்றி லெஃபேவ்ர் 1947இல் வெளியிட்ட அன்றாட வாழ்வு பற்றிய விமர்சன நூலின் முதற்பகுதி, நாளாந்த வாழ்வையே ஆய்வுக்குரிய களமாக எடுத்துக்கொண்டது. அந்நியமாதல் மிக ஆழமாக வேரூன்றியிருப்பதும், அதனைக் கடப்பதற்கான விருப்பு முளைவிடுவதும் அங்கேயே என அவர் கருதினார். இவ்விரு நிலைப்பாடுகளில் எது பிறநாட்டு வாழ்வு பற்றிய புனைகதைக்குப் பொருந்தும் என்பதை வெறுந் தர்க்கத்தால் முடிவுசெய்ய இயலாது; குறிப்பிட்ட படைப்புகளைக் கொண்டே அதனைத் தீர்மானித்தல் வேண்டும்.

2

படைப்புகளுக்குச் செல்லுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குதல் அவசியம். அந்நியர் அனைவரும் ஒரு வர்க்கத்தினர் அல்லர். 1904 முதல் 1911 வரை இலங்கையின் சிவில் சேவையில் யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் பணியாற்றிய லெனாட் வூல்வ் என்பாரும் இந்நாட்டில் அந்நியரே. யாழ்ப்பாணத்திலிருந்து அவர் தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களிற் சலிப்பும் தனிமையும் நிறைந்திருக்கின்றன. ஆனால் அவரது அன்றாடம் தடையின்றி நடந்தேறுவதற்குச் சமையற்காரரும் பியோன்மாரும் முழு அரசாங்க யந்திரமும் இருந்தன. மொழி அறியாத அங்காடியில் அவர் தடுமாறி நிற்கவேண்டியிருக்கவில்லை. ஆளும் நாட்டிலிருந்து வந்த அந்நியருக்குச் சாதாரண நாள் பிறர் உழைப்பால் ஆக்கி அளிக்கப்படுகின்றது. அதனாலேயே அது அவருக்குச் சலிப்பாகத் தோன்றுகின்றது. உழைப்புச் சக்தியை விற்க வந்த அந்நியரோ தமது சாதாரண நாளைத் தாமே உருவாக்கிக்கொள்ளல் வேண்டும். இவ்விரு அன்றாடங்களையும் ‘புலம்பெயர் அனுபவம்’ என்னும் ஒரே பெயரால் அழைப்பது, இன்று பல்கலைக்கழகங்களில் செல்வாக்குப் பெற்றுள்ள ஒரு மயக்கமாகும்.

இரண்டாவது வகையினரின் அன்றாடத்தை முழுமையாகப் பொருளாகக் கொண்ட ஆக்கங்களுள் தலையாயது சாம் செல்வொன் 1956இல் வெளியிட்ட ‘த லோன்லி லண்டனேர்ஸ்’ என்பது எமது கருத்து. தனித்திருக்கும் லண்டன்வாசிகள் என அத்தலைப்பைப் பொருள்கொள்ளலாம். செல்வொன் 1923இல் திரினிடாட் தீவிற் பிறந்தவர். அவரது தந்தையார் சென்னையிலிருந்து அத்தீவிற் சென்று குடியேறிய கிறித்தவத் தமிழர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கடற்படைச் சேமப்படையில் வானொலி இயக்குநராகவும், பின்னர் பத்திரிகையாளராகவும் பணியாற்றிய செல்வொன், 1950இல் லண்டன் சென்றார். அதே கப்பலிற் பயணஞ் செய்தவர் பார்பேடோஸ் எழுத்தாளர் ஜோர்ஜ் லாமிங்.

அக்கப்பற் பயணத்தின் பொருளாதார அடிப்படை தெளிவானது. போரினாற் சிதைந்த பிரித்தானியாவுக்கு உழைப்பாளர் தேவைப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரித்தானியத் தேசியச் சட்டம் குடியேற்ற நாட்டு மக்களையும் பிரித்தானியாவுக்கு வந்து வாழும் உரிமையுடைய குடிகளாக ஏற்றது. அவ்வாண்டு யூன் மாதத்தில் ‘எம்பயர் வின்ட்றஷ்’ என்னும் கப்பல் மேற்கிந்தியத் தீவினருடன் டில்பரித் துறைமுகத்தை அடைந்தது. செல்வொனின் நாவல் வெளியான 1956இல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்பேடோசிலேயே ஆட்சேர்ப்பைத் தொடங்கியது. சட்டத்தின் முன் இவர்கள் அந்நியர் அல்லர். தெருவிலும் தொழிலிலும் அந்நியர். இம்முரண்பாடே நாவலின் ஒவ்வொரு சாதாரண கணத்திலும் செயற்படுகின்றது.

3

நாவலிற் கதைப்பின்னல் என்று கூறத்தக்கது ஏதுமில்லை. பத்தாண்டளவாக லண்டனில் வாழும் மோசஸ் என்னும் திரினிடாட் தொழிலாளி, குளிர்காலத்து மாலையொன்றில், முன்பின் அறியாத ஒருவரை அழைத்துவர வாட்டர்லூ புகையிரத நிலையத்துக்குப் பேருந்திற் செல்கின்றார். வந்து இறங்கும் இளைஞர் பயணப்பொதி எதுவுமின்றி மெல்லிய உடையுடன் நிற்கின்றார். ‘கலஹாட்’ என்று அவருக்குப் பட்டப்பெயர் அமைகின்றது. அதன்பின் மோசசின் அறைக்கு வந்துபோகும் நண்பர் பலரின் சிறுசிறு சம்பவங்கள் தொடர்கின்றன. ஈற்றில் கோடை இரவொன்றில் மோசஸ் தேம்ஸ் நதிக்கரையில் நின்று யோசிக்கின்றார். எவரும் வெற்றி பெறுவதில்லை. எவரும் முற்றாக வீழ்வதுமில்லை.

இவ்வமைப்பைத் தளர்ச்சி எனக் கொள்வோர் நாவலின் கால அலகைக் கவனிக்கத் தவறுகின்றனர். இந்நாவலின் காலம் வாரக் கூலியின் காலமாகும். இரவு வேலையும் பகலுறக்கமும் வாரத்தின் ஆறு நாட்களை விழுங்குகின்றன. ஞாயிறு காலையில் நண்பர்கள் மோசசின் அறையிற் கூடுகின்றனர். அங்கே புதிதாக எதுவும் பேசப்படுவதில்லை. சென்ற ஞாயிறு பேசியதே மீண்டும் பேசப்படுகின்றது. எரிவாயு மானியிற் போடும் ஷில்லிங் தீரும்வரை அறையிற் சூடு இருக்கும். வெப்பமும் பேச்சும்கூட நாணயத்தால் அளக்கப்படும் வாழ்வில் கதை முன்னோக்கி நகர்வதற்கு இடமேது? மறுநாள் மீண்டும் வேலைக்குச் செல்லத் தக்கவாறு உழைப்புச் சக்தியைப் புதுப்பித்துக்கொள்வதே இவர்களது ஓய்வு. நாவலின் திரும்பத் திரும்ப வரும் வடிவம் இவ்விதி கலையில் எடுத்த உருவம் எனலாம்.

இனி மூன்று கணங்களைத் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது, கலஹாட்டின் முதற் காலை. தனக்கு எவரது துணையும் வேண்டாம் என்று கூறித் தொழில் வழங்கும் அலுவலகத்தைத் தேடி அவர் வீதிக்கு வருகின்றார். வானிற் சூரியன் தெரிகின்றது. ஆனால் அதில் வெப்பம் இல்லை. சூரியன் இருந்தாற் சூடு இருக்கும் என்பது அவர் பிறந்த நாள் முதல் ஐயமின்றி அறிந்தது. அவ்வறிவு இங்கே செல்லுபடியாகவில்லை. நடுத்தெருவில் அவரைப் பெரும் அச்சம் பற்றிக்கொள்கின்றது. எவரும் அவரைத் தாக்கவில்லை, எவரும் ஏசவில்லை. எனினும் வாழ்வின் மிக எளிய அனுமானம் ஒன்று பொய்த்துவிட்டது. அந்நியத்தன்மையை இத்துணைச் சிக்கனமாக உணர்த்திய இடங்கள் அருமை. அதன்பின் அவர் அடையும் அலுவலகத்திலோ, விண்ணப்பதாரர் கறுப்பினத்தவர் என்பதை உணர்த்தும் குறி பதிவு அட்டையில் இடப்படுகின்றது. எத்தீவிலிருந்து வந்தவராயினும் அதிகாரிக்கு அவர் ஜமேக்கா நாட்டவரே. இதுவும் ஒரு நிகழ்ச்சியாக நாவலில் முழக்கப்படுவதில்லை. மைக்கூட்டைத் தொட்டு எழுதும் அன்றாட அலுவலகச் செயலாகவே அது கடந்து போகின்றது. ஒடுக்குமுறை தன்னை வழமையாக்கிக்கொள்ளும் முறைமை இதுவே.

இரண்டாவது, வேலையற்ற குளிர்காலத்திற் கென்சிங்டன் பூங்காவில் நடைபெறுவது. பசித்த கலஹாட் அங்கே மேயும் புறாக்களுள் ஒன்றைப் பிடிக்கின்றார். நாயுடன் உலாவ வந்த மூதாட்டி ஒருவர் கூச்சலிட்டுப் பொலிசாரை அழைக்க முற்படுகின்றார். கலஹாட் தப்பி ஓடி, புறாவை மோசசின் அறைக்குக் கொண்டுசெல்ல, இருவரும் அதனைச் சோற்றுடன் உண்கின்றனர். ஊரில் பறவை பிடித்துச் சமைத்தல் எவரும் பொருட்படுத்தாத செயல். இங்கு அதே செயல் குற்றமாகின்றது. புறாவின் பசிக்கு இரங்கும் நகரம் மனிதரின் பசியைக் காண்பதில்லை என்ற முரண் வாசகருக்குத் தானே புலப்படுகின்றது. செல்வொன் அதன்மேல் எவ்வித உபதேசமும் ஏற்றுவதில்லை. இருவரும் உண்டு முடித்தபின் ஊர்ப் பேச்சில் அமர்வதையே அவர் கூறுகின்றார்.

மூன்றாவது, டான்டி என்னும் ஜமேக்கா மூதாட்டியும் அவர் வாழும் தெருவின் பலசரக்குக் கடையும். கடைக்காரர் கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுத்துக் கெட்டவனையும் கொடாமற் செழித்தவனையும் காட்டும் படமொன்று கடையிலே தொங்குகின்றது. டான்டி ஒருநாள் பொருள்களைக் கூடையில் இட்டபின், வெள்ளிக்கிழமை தருவதாகவும் கொப்பியில் எழுதி வைக்குமாறும் கூறிவிட்டு நடக்கின்றார். கடைக்காரர் ஈற்றில் இணங்குகின்றார். விரைவில் அத்தெருவின் ஏனைய தொழிலாளர் வீட்டுப் பெண்களும் கடன் கணக்கு வைக்கத் தொடங்குகின்றனர்.

எமது கிராமத்துக் கடைக் கொப்பியை அறிந்த வாசகருக்கு இக்காட்சியின் பொருளை விளக்கவேண்டியதில்லை. கடன் என்பது இங்கு பணம் பற்றியது மட்டுமன்று. அடுத்த வெள்ளிக்கிழமையும் இவர் இங்கேயே இருப்பார் என்ற நம்பிக்கையைப் பிறர் ஏற்பதாகும். சொந்த நாட்டவர்க்கு இந்நம்பிக்கை உறவாலும் அயலாலும் வழிவழியாகக் கிடைக்கின்றது. அந்நியர் அதனை உருவாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. எவரும் திரும்பிப் பாராத ஒரு சாதாரண நாளை அடைதல் அவரைப் பொறுத்தவரை ஒரு சாதனையாகும். இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து. நிகழ்ச்சியின்மை ஒரு வெறுமை அன்று. பலநாள் உழைப்பால் ஈட்டப்பட்ட விளைபொருள். மேலும், டான்டி ஈட்டியது அவருக்கு மட்டுமே உரியதாக நிற்கவில்லை. வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்களையும் அது சென்றடைகின்றது. வர்க்க ஒற்றுமை பற்றிய முழக்கம் எதுவுமின்றி அதன் ஒரு சிறு பொருளடிப்படையை இக்காட்சி புலப்படுத்துகின்றது.

மொழியிலும் இக்கொள்கையே செயற்படுகின்றது. செல்வொன் முதலில் இந்நாவலை நியம ஆங்கிலத்தில் எழுத முயன்று, அது கைகூடாமையால் கரிபியன் பேச்சுவழக்கைத் தழுவிய ஒரு நடையிற் கதைகூற்று முழுவதையும் அமைத்தார். 1960களின் தொடக்கத்தில் ‘இழிசனர் வழக்கு’ என்னும் தொடரைச் சுற்றி எமது நாட்டில் எழுந்த விவாதத்தை இங்கு நினைவுகூரலாம். எமது புனைகதையிற் பேச்சுவழக்கு பெரும்பாலும் பாத்திரங்களின் உரையாடலோடு நின்றுவிட, கதைசொல்லி செந்நெறிப்பட்ட மொழியிலேயே பேசிவந்தார். செல்வொனிடம் கதைசொல்லிக்கும் பாத்திரத்துக்கும் இடையிலான இப்படிநிலை நீங்கிவிடுகின்றது. லண்டனைப் பார்க்கும் கண்ணும் பெயரிடும் நாவும் அந்நியருடையனவே ஆகின்றன. கோடைகாலத்தைப் பற்றிய பகுதி நிறுத்தக்குறிகளின்றிப் பல பக்கங்களுக்கு நீள்வதும் கருதத்தக்கது. தொழிற்சாலை மணிக்கூட்டுக்குக் கட்டுப்படாத காலத்தை அவ்வொழுக்கு உணர்த்துகின்றது.

4

இந்நாவலின் குறைபாடுகளையும் நாம் மறைத்தல் ஆகாது. டான்டி போன்ற ஓரிருவர் நீங்கலாக, பெண்கள் இங்கு ஆண்களின் ஓய்வுநேரத்து நாட்டப் பொருள்களாகவே வருகின்றனர். டோல்ரோயின் தாயார் உணவகமொன்றின் சமையற்கூடத்தில் நாள் முழுவதும் கோப்பை கழுவுகின்றார். அவ்வுழைப்பைச் செல்வொன் காட்டுகின்றார், ஆயின் அங்கு நெடுநேரம் தரிப்பதில்லை. அடுத்து, கூட்டுச் செயற்பாடு பற்றிய பிரக்ஞை நாவலில் இல்லை. நாவல் வெளியாகி ஈராண்டுகளில், 1958இல், நொட்டிங் ஹில் பகுதியிற் கறுப்பினத்தவர் தாக்கப்பட்டனர். அதே ஆண்டில், அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கம்யூனிஸ்டான குளோடியா ஜோன்ஸ் லண்டனில் ‘வெஸ்ட் இந்தியன் கசெற்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். இத்தகைய ஒழுங்கமைப்புக்கான முளைகளை மோசசின் ஞாயிற்றுக்கிழமை அறையிற் காண்பது அரிது. அங்கு தோழமை உண்டு, இயக்கம் இல்லை. 1975இல் வெளியான தொடர்நாவலில் மோசஸ் பழைய வீடொன்றை வாங்கி வீட்டுச் சொந்தக்காரராகின்றமை இவ்வகையிற் பொருள் பொதிந்தது.

இக்குறையை நிறைவு செய்வதற்கு நிகழ்ச்சியை மிகுவித்தல்தான் வழியா? செல்வொன் பிறந்த அதே 1923இல் பிறந்த செனெகல் எழுத்தாளர் உஸ்மான் செம்பேனின் ஆக்கங்கள் இவ்வினாவுக்கு ஒரு விடை தருகின்றன. மார்சேய் துறைமுகத்திற் சுமைதூக்கிய செம்பேன், தொழிற்சங்கத்திலும் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியிலும் இணைந்து செயற்பட்டவர். அவரது முதல் நாவலான ‘கறுப்புத் துறைமுகத் தொழிலாளி’யும் 1956இலேயே வெளியாயிற்று. அதன் நாயகரான தொழிலாளி எழுதிய நாவலை வெள்ளை எழுத்தாளர் ஒருவர் தம்முடையதாக வெளியிடுகின்றார். மோதலில் அவர் இறக்க, வழக்கு நடக்கின்றது. அரசியற் பிரக்ஞையிற் செல்வொனை விஞ்சிய இந்நாவல், கொலையையும் வழக்கையும் மையமாக்கியமையால் துறைமுகத்தின் அன்றாட உழைப்பைப் பின்னணியாக ஒதுக்கிவிடுகின்றது.

பத்தாண்டுகளின் பின் செம்பேன் வேறொரு முடிவுக்கு வருகின்றார். 1966இல் வெளியான அவரது திரைப்படத்தின் பிரெஞ்சுத் தலைப்பு, ‘இன்னாருடைய கறுப்புப் பெண்’ என்பதில் இன்னார் என்பது கூறப்படாது விடப்பட்டதாக அமைந்தது. டக்காரிற் பிள்ளை பராமரிப்பதற்கென அமர்த்தப்பட்ட டியுவானா என்னும் இளம்பெண், பிரான்சின் அன்ரீப் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டுச் சமையல்காரியாகவும் துப்புரவு செய்பவராகவும் ஆக்கப்படுகின்றார். படம் பெரும்பாலும் காட்டுவது தரை துடைத்தல், கோப்பி தயாரித்தல், குளியலறை கழுவுதல் ஆகியவற்றையே. பிரான்ஸ் என்பது அவருக்குச் சமையலறையும் படுக்கையறையும் மட்டுமே. ஈற்றில் அவர் குளியலறையிலே தம் உயிரை மாய்த்துக்கொள்ளும்போது, அம்முடிவு வெளியிலிருந்து வந்த திருப்பமாகத் தோன்றுவதில்லை. நாள்தோறும் துடைத்த அதே தரையில் அது முன்னரே எழுதப்பட்டிருக்கின்றது. லூக்காச் வேண்டிய செயல் இங்கு அன்றாடத்தின் உள்ளிருந்தே தோன்றுகின்றது. எனவே லூக்காசும் லெஃபேவ்ரும் இவ்விடத்தில் ஒருவரையொருவர் மறுப்பவராக நிற்கவேண்டியதில்லை. உழைப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அன்றாடமே வெறும் வருணனையாகின்றது. உழைப்போடு பிணைத்துக் காட்டப்படும் அன்றாடம் எடுத்துரைப்பாகின்றது.

5

மோசஸ் போன்றோரின் நிகழ்ச்சியற்ற நாட்களுக்கு வரலாறு பின்னர் ஒரு குரூரமான உரை எழுதியது. 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், 1973 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் பிரித்தானியாவிற் குடியமர்ந்திருந்த பொதுநலவாய நாட்டவர்க்கு அங்கு தங்கும் உரிமையை உறுதிசெய்தது. ஆனால் அவர்களிற் பலருக்கு அதற்குரிய பத்திரம் எதுவும் வழங்கப்படவில்லை. 2014, 2016 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வீட்டுச் சொந்தக்காரரையும் தொழில்கொள்வோரையும் வங்கிகளையும் குடிவரவுப் பரிசோதகர்களாக்கின. ஐம்பதாண்டுகள் அங்கு வாழ்ந்தோரிடம், வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் எழுத்துச் சான்று கோரப்பட்டது. அவர்கள் வந்திறங்கியதைக் காட்டும் பதிவு அட்டைகளோ 2010இலேயே அரசாங்கத்தால் அழிக்கப்பட்டிருந்தன. வேலையும் வீடும் மருத்துவமும் இழந்தோர் பலர், நாடுகடத்தப்பட்டோரும் உளர். 2018 ஏப்ரலிற் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2020 மார்ச்சில் வென்டி வில்லியம்ஸ் தயாரித்த மீளாய்வு அறிக்கை வெளியாயிற்று.

இங்கு எழும் வினா எமது ஆய்வுப் பொருளின் மையத்தைத் தொடுகின்றது. 1968ஆம் ஆண்டின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு எவரிடம் சான்று இருக்கும்? பேருந்திற் சென்று, வேலை செய்து, உண்டு, உறங்கிய நாள் எப்பத்திரத்திலும் பதிவதில்லை. சம்பளத் துண்டையும் மின்கட்டணச் சிட்டையையும் எவரும் அரை நூற்றாண்டு பேணி வைப்பதில்லை. சொந்த நாட்டவர் அத்தகைய நாட்களை மறந்துவிடும் உரிமை உடையவர். அவ்வுரிமை இவர்களுக்கு மறுக்கப்பட்டது. உழைப்பை ஏற்ற அரசு, அவ்வுழைப்பைத் தாங்கிய நாட்களை நிகழாதனவாகக் கருதியது. லண்டனில் 1849 முதல் வாழ்ந்த கார்ல் மார்க்ஸ் 1874இல் பிரித்தானியக் குடியுரிமை கோரியபோது, பொலிஸ் அறிக்கையின் அடிப்படையில் அது மறுக்கப்பட்டமையையும் நினைவிற் கொள்ளலாம். இருபத்தைந்து ஆண்டுக் கால வாசம் அங்கும் கணக்கில் எடுக்கப்படவில்லை.

டான்டியின் கடைக் கொப்பி இவ்விடத்திற் புதிய பொருள் பெறுகின்றது. அரசின் கோப்பில் இடம்பெறாத நாட்களைப் பதிவுசெய்வது பலசரக்குக் கடைக்காரரின் கொப்பியும் செல்வொனின் நாவலுமே. வழக்கறிஞர் முன் அவை சான்றாகா. இலக்கிய வரலாற்றில் அவற்றினும் உறுதியான சான்று வேறில்லை.

இம்முடிவு எமது சொந்த இலக்கியச் சூழலுக்கும் உரியது. 1983இன் பின் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழத் தலைப்பட்ட ஈழத்தமிழர் பலநூறு கதைகளும் கவிதைகளும் எழுதியுள்ளனர். 1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பும் பல சிறுசஞ்சிகைகளும் அவற்றுக்குக் களம் அமைத்தன. அவ்வாக்கங்களைப் போரின் சாட்சியமாகவும் தாயக ஏக்கமாகவும் வாசிக்கும் பழக்கம் திறனாய்வாளரிடையே வலுப்பெற்றுள்ளது. அவ்வாசிப்பு அவசியமானது; ஆனால் போதுமானதன்று. உணவக அடுக்களையிற் கழுவிய கோப்பைகளும், பனியில் விடியுமுன் பகிர்ந்த பத்திரிகைகளும், அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராது கழிந்த மாதங்களும் அவற்றிற் பரவிக் கிடக்கின்றன. கதை நிகழவில்லை எனத் தள்ளிவிடப்படும் அப்பக்கங்களிலேயே எமது மக்கள் உலக முதலாளித்துவத்தின் உழைப்புச் சந்தையில் எவ்விடத்தில் நிறுத்தப்பட்டனர் என்பது மிகத் துல்லியமாகப் பதிந்துள்ளது. அவற்றைத் தேடித் தொகுத்து, எழுதப்பட்ட ஆண்டும் தொழிலும் சட்டநிலையும் அறிந்து ஆராய்தல், இன்றைய இளம் ஆய்வாளர் மேற்கொள்ள வேண்டிய பணிகளுள் முதன்மையானதாகும்.